விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு செய்ய வேண்டிய வேலைகள்: நகல், ஜீவனாம்சம், குழந்தை, வீடு, நாமினி

தீர்ப்பு வந்துவிட்டது, இனி அவருக்கும் நமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்ற நினைப்போடுதான் பெரும்பாலோர் நீதிமன்றத்தை விட்டு வெளியே வருகிறோம். கணவன் மனைவி என்ற உறவு முடிந்தது உண்மைதான். ஆனால் ஜீவனாம்சம், குழந்தை, சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடன், நகை, பி.எஃப். நாமினி, வேறு நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்கு, இவை எதுவும் அந்தத் தீர்ப்போடு தானாக முடிவதில்லை. ஒவ்வொன்றையும் நாம் தனித்தனியாகப் போய் முடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதமும் ஒரு கெடுவும் இருக்கிறது. இதை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்வதில்லை. வக்கீலுக்கு அவருடைய வழக்கு முடிந்துவிட்டது, வீட்டில் உள்ளவர்களுக்கோ அந்தப் பேச்சையே எடுக்கப் பிடிப்பதில்லை. நான் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன், நீங்கள் அந்த அலைச்சல் படக்கூடாது.

நான் வக்கீல் இல்லை. தமிழ்நாட்டில், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழ் விவாகரத்து பெற்றவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சிறப்புத் திருமணச் சட்டத்தில் நடந்த திருமணத்துக்கும் பெரும்பாலும் இதே கதைதான். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விவாகரத்துச் சட்டம் வேறு, ஆனால் கீழே வரும் 144ஆம் பிரிவு ஜீவனாம்சமும் வங்கி, நாமினி, பாஸ்போர்ட் விஷயங்களும் எல்லோருக்கும் பொது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் அந்தப் பிரிவில் மனு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

1. முதல் வேலை: சான்றிட்ட நகல்

நீதிபதி தீர்ப்பைப் படித்தார், நாம் கேட்டோம், அது போதாது. தீர்ப்பு, தீர்ப்பாணை என்று இரண்டு காகிதம் உண்டு. முதலாவதில் காரணங்கள் இருக்கும், இரண்டாவதில் என்ன உத்தரவு என்பது மட்டும் இருக்கும். இரண்டுக்குமே சான்றிட்ட நகல் கேட்டு நகல் மனு போடுங்கள். ஒரு செட் போதும் என்று வக்கீல் அலுவலகத்தில் சொல்வார்கள், கேட்காதீர்கள். குறைந்தது மூன்று செட் வாங்குங்கள். ஒன்று பத்திரப் பதிவுக்கோ வங்கிக்கோ போய்விடும், ஒன்று பிறகு நிறைவேற்று மனுவுக்கு (உத்தரவுப்படி நடக்காதவரை நடக்க வைக்கக் கேட்கும் மனு) வேண்டும், ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். நகல் கட்டணம் பக்கக் கணக்கில்தான், பெரிய தொகை இல்லை. இதே நகலுக்கு ஐந்து வருடம் கழித்துப் போனால் வழக்குக் கட்டு ஆவண அறைக்குப் போயிருக்கும், அதைத் தேடி எடுக்க வைப்பது தனி வேலை.

நகல் கைக்கு வந்ததும் அதைத் திருப்பிப் பாருங்கள். நகல் மனு போட்ட தேதி, முத்திரைத் தாள் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்று வரிசையாக எழுதி முத்திரை குத்தியிருப்பார்கள். மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது நகல் பெற ஆன நாட்களைக் கழிப்பார்கள், அதற்கு ஆதாரம் இந்தத் தேதிகள்தான். அப்புறம் முன்பக்கத்தை வரி வரியாகப் படியுங்கள். இனிஷியல், அப்பா பெயர், திருமணத் தேதி, குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 152ஆம் பிரிவில் திருத்த மனு போட்டால் அதே நீதிமன்றம் சரி செய்து தரும்.

பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் ஷரத்துகள் தீர்ப்பாணைக்குள் வந்திருக்கின்றனவா? சில தீர்ப்பாணைகளில் ‘திருமணம் கலைக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் இருக்கும். அப்படியானால் அந்த ஒப்பந்தத்தை வைத்து நேராக நிறைவேற்று மனு போட முடியாமல் திண்டாட வேண்டிவரும். இரண்டாவது வாக்குமூலத்துக்கு (தீர்ப்புக்கு முன் இருவரும் கடைசியாக நீதிமன்றத்தில் சம்மதம் சொல்வது) முன்பே, ‘ஒப்பந்தம் தீர்ப்பாணையின் பகுதியாகக் கொள்ளப்படும்’ என்ற வாசகத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வழக்கு இன்னும் முடியாமல் இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான வரி இதுதான்.

ஜீவனாம்சத்தை ஒட்டுமொத்தமாகக் கொடுத்தால் அந்தத் தொகையை டிமாண்ட் டிராஃப்டாகக் கொடுப்பது வழக்கம். டிராஃப்ட் மூன்று மாதம்தான் செல்லும். வாய்தா தள்ளிப் போய்க்கொண்டே இருந்தால் தேதியைப் பார்த்துப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். வாங்கும் அன்று பெயரின் எழுத்து வங்கிக் கணக்கில் உள்ளபடி இருக்கிறதா என்று நீதிமன்றத்திலேயே பார்த்துவிடுங்கள்.

2. மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை மறுமணம் வேண்டாம்

எதிர்த்து நடந்த வழக்கில் தீர்ப்பு வந்திருந்தால் மற்றவர் மேல்முறையீடு செய்யலாம். இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது, குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, எது பொருந்தும் என்பதில் நீதிமன்றங்களிலேயே விவாதம் நடந்திருக்கிறது. நீங்கள் 90 நாளையே கணக்கில் வையுங்கள், நகல் வாங்க ஆன நாட்களையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலம் முடிந்து மேல்முறையீடு எதுவும் இல்லை என்றால்தான், அல்லது போட்ட மேல்முறையீடு தள்ளுபடியானால்தான், மறுமணம் செய்யலாம் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. மேல்முறையீடு வந்திருக்கிறதா என்று பார்க்க இ-கோர்ட்ஸ் தளத்தில் உயர் நீதிமன்றப் பகுதியில் இருவர் பெயரையும் போட்டுத் தேடுங்கள். உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப நீதிமன்றம் இருவரின் சம்மதத்தின் பேரில் கொடுத்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது, அங்கே இந்தக் கவலை குறைவு. அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கியவர்கள். எதிர்த்தரப்பு வராமலேயே தீர்ப்பானது, ஆனால் சம்மன் அவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்றால், தீர்ப்பு தனக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்க அவருக்கு வழி உண்டு. சம்மன் எப்படிச் சார்வு செய்யப்பட்டது, கையெழுத்துப் போட்டு வாங்கினாரா, கதவில் ஒட்டினார்களா, பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்களா என்று வக்கீலிடம் கேட்டு அந்தக் காகிதத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு அடுத்த கல்யாணப் பேச்சை எடுங்கள்.

3. ஜீவனாம்சம்: எந்தச் சட்டத்தில் வாங்கினீர்கள் என்று பாருங்கள்

ஜீவனாம்சம் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் உத்தரவு எந்தப் பிரிவில் வந்தது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

இந்து திருமணச் சட்டம் 25ஆம் பிரிவில் வருவது நிரந்தர ஜீவனாம்சம். இதைத் தீர்ப்போடும் கேட்கலாம், தீர்ப்புக்குப் பிறகும் கேட்கலாம். மனைவி மட்டுமல்ல, கணவனும் கேட்கலாம். மாதாமாதமாகவும் இருக்கலாம், ஒட்டுமொத்தமாகவும் இருக்கலாம். கொடுப்பவரின் அசையாச் சொத்தின் மீது இதற்குப் பொறுப்பு ஏற்றி வைக்கவும் (அதாவது அந்தச் சொத்தையே பணத்துக்கு ஈடாக்கவும்) நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, இதைக் கேட்பவர்கள் குறைவு. சொத்து வைத்துக்கொண்டு சம்பளத்தைக் குறைத்துக் காட்டுபவர் எதிரில் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொன்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144. எம்.சி., அதாவது ஜீவனாம்ச வழக்கு, என்று நம்பர் போட்டு நடப்பது இதுதான். மறுமணம் செய்யாத விவாகரத்தான பெண்ணும் இந்தப் பிரிவில் ‘மனைவி’தான். குழந்தைக்கும் இதில் கேட்கலாம்.

தொகை எவ்வளவு? சம்பளத்தில் 25 சதவீதம் என்று எல்லோரும் சொல்வார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படிச் சொன்னது, அதற்காக அது எல்லா வழக்குக்கும் பொருந்தும் அளவுகோல் ஆகிவிடாது. நீதிமன்றம் பார்ப்பது சொத்து, பொறுப்பு விவரப் பிரமாணப் பத்திரத்தைத்தான். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இரு தரப்புக்கும் கட்டாயமாக்கியது. சம்பளச் சீட்டு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், வீட்டு வாடகை, பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் செலவு, எல்லாவற்றையும் சேருங்கள். பெண்கள் தங்கள் மாதச் செலவை எழுதும்போது கூச்சப்பட்டுக் குறைத்து எழுதுகிறார்கள். பால், காஸ், ஆட்டோ, குழந்தையின் டியூஷன் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

மாதத் தொகை என்றால் உயர்வு ஷரத்து இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இன்றைய 10,000 ரூபாய் குழந்தை பத்தாவது படிக்கும்போது என்ன மதிப்பில் இருக்கும் என்று யோசியுங்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மாதம் 50,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு என்று உத்தரவு போட்டிருக்கிறது, பேச்சுவார்த்தையில் அதைக் காட்டலாம். உயர்வு ஷரத்து ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தால், சூழ்நிலை மாறியதைக் காட்டி இந்து திருமணச் சட்டம் 25(2)இலோ சன்ஹிதாவின் 146ஆம் பிரிவிலோ தொகையைக் கூட்டக் கேட்கலாம். கொடுப்பவருக்கு வேலை போய்விட்டால் அவரும் அதே வழியில் குறைக்கக் கேட்கலாம்.

கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாங்குபவர் மறுமணம் செய்துகொண்டார் என்று காதில் விழுந்ததும் பணத்தை நிறுத்திவிடாதீர்கள். மறுமணம் ஜீவனாம்சத்தை ரத்து செய்யக் காரணம்தான், ஆனால் ரத்து செய்ய வேண்டியது நீதிமன்றம். மனு போட்டு உத்தரவு வாங்குங்கள், இல்லாவிட்டால் நிலுவை ஏறிக்கொண்டே போகும். குழந்தைக்கான தொகை எப்படியும் நிற்காது. பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள், குறிப்பில் ‘ஜீவனாம்சம் ஜூன்’ என்று எழுதுங்கள். பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு அதை ஜீவனாம்சத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் ஆபத்து. உத்தரவில் அப்படி இல்லையென்றால், கணக்கில் அது வராத பணமாகத்தான் தெரியும்.

வரி விஷயம் சுருக்கமாக: மொத்தமாக வாங்கும் தொகை பொதுவாக வருமானமாகக் கருதப்படுவதில்லை, மாதாமாதம் வாங்குவது வருமானமாக எடுக்கப்படலாம். பெரிய தொகை என்றால் ஒப்பந்தம் எழுதும் முன்பே ஆடிட்டர் ஒருவரைப் பாருங்கள்.

4. பணம் வரவில்லை என்றால்: 12 மாதக் கெடு

நான் பார்த்தவரை மிக அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. ‘இந்த மாசம் கஷ்டம், அடுத்த மாசம் சேர்த்துப் போடறேன்’ என்று போனில் சொல்வார், நாமும் சண்டை எதற்கு என்று விடுவோம், அப்படியே ஒன்றரை வருடம் ஓடிவிடும். 144ஆம் பிரிவு உத்தரவில், ஒவ்வொரு மாதத் தொகையும் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் வாரண்டுக்கு மனு போட வேண்டும். அதைத் தாண்டிய மாதங்களுக்கு வாரண்ட் கிடைக்காது. பேசிக்கொண்டிருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பேச்சு நடக்கும்போதே மனுவையும் போட்டுவையுங்கள். காரணம் இல்லாமல் கொடுக்காதவரை, நிலுவையில் உள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்க இந்தப் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. வாரண்ட் என்ற சொல் வந்ததுமே பாதிப் பேர் பணத்தோடு வந்துவிடுகிறார்கள்.

25ஆம் பிரிவில் வந்த தீர்ப்பாணை என்றால் கெடு வேறு. அதற்கு நிறைவேற்று மனு, அதாவது இ.பி., போட 12 வருடம் இருக்கிறது. அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், அவர் வேலை மாறினால் முகவரியைத் தேடுவதே பெரும்பாடு. இ.பி.யில் சம்பளத்தை நேரடியாகப் பிடிக்கக் கேட்கலாம். ஜீவனாம்சத் தீர்ப்பாணை என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பற்றுகை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. சாதாரணக் கடனுக்கு இவ்வளவு கிடைக்காது.

மனுவோடு வைக்க வேண்டியவை: உத்தரவின் சான்றிட்ட நகல், பணம் வரும் கணக்கின் ஸ்டேட்மென்ட், அவர் வேலை செய்யும் இடத்தின் முழு முகவரி, நிலுவைக் கணக்கு. நிலுவைக் கணக்கை ஒரு பக்கத்தில் மாதம், வர வேண்டியது, வந்தது, பாக்கி என்று நான்கு கட்டம் போட்டு நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் தேதி கடந்ததும் ஒரு வரி சேர்த்துக்கொண்டே வந்தால் வக்கீல் கேட்கும் அன்று அப்படியே நீட்டலாம், எதிர்த்தரப்பும் அதை எதிர்த்துப் பேசுவது கடினம்.

5. குழந்தை

குழந்தைக்கு அப்பா அப்பாதான், அம்மா அம்மாதான். விவாகரத்தால் அதில் ஒன்றும் மாறாது. குழந்தை இருவர் சொத்துக்கும் முதல் நிலை வாரிசு. முன்னாள் கணவனும் மனைவியும்தான் ஒருவருக்கொருவர் வாரிசு இல்லை. ‘குழந்தைக்கு எதுவும் கேட்க மாட்டேன்’ என்று அம்மா ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தாலும் குழந்தையின் உரிமை போகாது, அது அவர் விட்டுக்கொடுக்கக் கூடிய உரிமையே இல்லை. அந்த வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று பயந்து சும்மா இருக்க வேண்டாம்.

இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவில் வரும் வளர்ப்பு, படிப்பு, சந்திப்பு உத்தரவுகளைத் தீர்ப்புக்குப் பிறகும் மாற்றக் கேட்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்குப் போட்ட ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு பன்னிரண்டு வயதில் பொருந்தாது. இருவரும் பேசி மாற்றிக்கொண்டாலும் ஒரு கூட்டு மெமோ போட்டு நீதிமன்றத்தில் பதிந்துவிடுங்கள். பணம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்டாமல் இருப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் இரண்டு பக்கமும் நடக்கிறது. இரண்டும் தனித்தனி உத்தரவு, ஒன்றை மீறியவர் மற்றதைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது. இதில் நடுவில் நிற்பது நம் குழந்தை, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

ஒப்பந்தத்தில் குழந்தை பற்றி எழுதும்போது 18 வயதோடு நிறுத்திவிடுகிறார்கள். கல்லூரிச் செலவு ஆரம்பிப்பதே அப்போதுதான். 144ஆம் பிரிவில் நல்ல உடல்நிலையில் உள்ள மகனுக்கு 18 வயது வரைதான். திருமணமாகாத, தன்னைக் காத்துக்கொள்ள முடியாத மகளுக்கு 1956ஆம் ஆண்டு தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தில் அதற்குப் பிறகும் உரிமை இருக்கிறது. எனவே ‘பட்டப் படிப்பு முடியும் வரை, கல்விக் கட்டணத்தில் இருவரும் இத்தனை பங்கு’ என்று எழுத்தில் கொண்டுவாருங்கள்.

பாஸ்போர்ட் விஷயத்தில் பலர் கடைசி நேரத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். குழந்தைக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோர் இருவரும் சம்மதித்துக் கையெழுத்திடுவது இணைப்பு டி. மற்றவர் சம்மதம் கிடைக்காதபோது ஒருவர் மட்டும் காரணம் சொல்லி உறுதிமொழி கொடுப்பது இணைப்பு சி. இதோடு வளர்ப்பு உத்தரவின் நகலை வையுங்கள். குழந்தைக்குச் சாதாரணக் கட்டணம் 1,000 ரூபாய். விவாகரத்தானவர் தன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது முன்னாள் துணையின் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை என்று 2016 டிசம்பரிலேயே விதி மாறிவிட்டது, கவுன்ட்டரில் கேட்டால் அதைச் சொல்லுங்கள். ஆனால் பாஸ்போர்ட் கிடைத்தாலும் விசாவுக்குப் பல தூதரகங்கள் மற்ற பெற்றோரின் சம்மதக் கடிதம் கேட்கும். வெளிநாட்டுப் பயணம், பள்ளி மாற்றம், அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து, இந்த மூன்றுக்கும் யார் முடிவு செய்வது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தால் பிறகு யார் காலிலும் விழ வேண்டாம்.

6. நகை, சாமான், வீடு

சீதனம் பெண்ணுடையது. விவாகரத்தோடு அது கணவன் வீட்டுக்குச் சொந்தமாகிவிடாது. பட்டியல் போடும்போது ‘25 பவுன் நகை’ என்று மொத்தமாக எழுதாமல் ஆரம், நெக்லஸ், வளையல் ஜோடி, ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று எழுதுங்கள். கல்யாண போட்டோ, நகைக்கடை ரசீது இரண்டும் உதவும். திருப்பி வாங்கும் அன்று வக்கீல் அலுவலகத்திலேயே எடைத் தராசு வைத்து ஒவ்வொன்றாக நிறுத்து, பட்டியலில் எதிரே எடையை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கல் வைத்த நகை என்றால் கல்லோடு எடையா, கல் நீக்கியா என்பதையும் எழுத வேண்டும், சண்டை வருவதே அங்கேதான். நகை அவர் பெயரில் அடமானத்தில் இருந்தால் மீட்க வேண்டியது யார், எந்தத் தேதிக்குள், வட்டி யார் கட்டுவது என்பது எழுத்தில் வேண்டும். கூட்டு லாக்கர் இருந்தால் இருவரும் ஒரே நாளில் போய் மூடிவிடுங்கள்.

வீட்டுக் கடன் இதைவிடப் பெரிய சிக்கல். ‘வீட்டை அவர் எடுத்துக்கொண்டார், இ.எம்.ஐ. அவர் கட்டுவார்’ என்று தீர்ப்பாணையில் இருக்கும். வங்கி அந்த வழக்கில் கட்சியே இல்லை, அதனால் அதை அந்தத் தீர்ப்பாணை கட்டுப்படுத்தாது. ஒரு வங்கி மேலாளர் என்னிடம் நேராகவே சொன்னார்: “மேடம், அது உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கற தீர்ப்பு. எங்களுக்கு ரெண்டு பேரும் கடன்காரங்கதான்.” அவர் இரண்டு இ.எம்.ஐ. விட்டால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்துதான் விழும். இதற்கு வழிகள் மூன்றுதான். வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம். வீட்டை வைத்துக்கொள்பவர் தன் ஒருவர் சம்பளத்தில் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். அல்லது அதே வங்கியிடம் மற்றவரை இணைக் கடனாளியிலிருந்து விடுவிக்கக் கேட்கலாம், அதற்கு வருமானம் போதுமா என்று அவர்கள் புதிதாகப் பார்ப்பார்கள். எதுவானாலும் தீர்ப்புக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள், ‘கடன் மாற்றம் முடிந்த பிறகே இரண்டாவது வாக்குமூலம்’ என்று நிபந்தனை வைக்கலாம்.

பத்திரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கூட்டுப் பெயரில் உள்ள வீட்டில் ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் வந்த வரம்பு இது. விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு நீங்கள் கணவன் மனைவி இல்லை, அந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம், அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம் வரை போகும். 40 லட்ச ரூபாய் பங்கு என்றால் எத்தனை வித்தியாசம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எனவே பத்திரத்தைத் தீர்ப்புக்கு முன்பே பதிந்துவிடுவது நல்லது. தீர்ப்பாணை மூலமே சொத்தை மாற்ற நினைத்தால் அந்தச் சொத்து மனுவிலேயே விவரத்தோடு இடம்பெற்றிருக்க வேண்டும். வழக்கில் இல்லாத சொத்தைச் சமரசத்தில் மட்டும் சேர்த்தால் அந்தத் தீர்ப்பாணையையும் பதிவு செய்ய வேண்டிவரும். பதிந்த கையோடு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்றுங்கள்.

7. நாமினி, உயில், இன்சூரன்ஸ்

விவாகரத்தான அன்று எந்த நாமினியும் தானாக மாறுவதில்லை. பி.எஃப்., எல்.ஐ.சி., வங்கி டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட், டீமேட், கிராஜுவிட்டி, ஒவ்வொன்றிலும் போய் மாற்ற வேண்டும். பி.எஃப். நாமினியை யு.ஏ.என். போர்ட்டலில் வீட்டிலிருந்தே இலவசமாக மாற்றலாம், கடைசியில் ஆதார் ஓ.டி.பி. போட்டு மின் கையொப்பம் இட்டால்தான் முடியும், பலர் அதற்கு முன் படியிலேயே சேமித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உயிலில் முன்னாள் துணையின் பெயர் இருந்தால் அதுவும் அப்படியே நிற்கும், புது உயில் எழுதுங்கள். அலுவலகக் குழு இன்சூரன்ஸில் துணையின் பெயரை நீக்கும்போது எச்.ஆர்.இல் குழந்தையின் பெயரையும் சேர்த்து நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீவனாம்சம் கொடுப்பவர் இறந்துவிட்டால் வருமானம் நின்றுவிடும் என்பதால், அவர் தன் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி எடுத்து, குழந்தையை நாமினியாகப் போட்டு, பிரீமியம் ரசீதை ஆண்டுதோறும் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல யோசனை.

8. மற்ற வழக்குகள்

‘எல்லா வழக்குகளையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறோம்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மனைவியைக் கணவனோ அவன் வீட்டாரோ கொடுமைப்படுத்தும் குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு, கீழ் நீதிமன்றத்தில் சமரசம் செய்து முடிக்கக் கூடிய குற்றம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரத்து மனு போட்டு, புகார் கொடுத்தவர் ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து முடிக்க வேண்டும். யார் செலவில், எந்தத் தேதிக்குள் என்று எழுதிவையுங்கள். முடியாவிட்டால் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது போலீஸ் விசாரணையில் அது வந்து நிற்கும். குடும்ப வன்முறைச் சட்ட மனு, எம்.சி., குழந்தை வளர்ப்பு மனு என்று எத்தனை நம்பர் இருக்கிறதோ அத்தனையையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் முடிந்த உத்தரவின் நகலை வாங்குங்கள்.

9. செல்போன் எண், ஆதார், குடும்ப அட்டை

இதைக் கடைசியில் எழுதினாலும் செய்வதை முதல் வாரத்திலேயே செய்யலாம். உங்கள் ஆதாரில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது? நிறையப் பெண்களுக்குக் கணவர் எண்தான் இருக்கிறது. பி.எஃப்., வங்கி, வருமான வரி, எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். ஆதார் மையத்துக்கு நேரில் போய் எண்ணை மாற்றலாம், கட்டணம் 75 ரூபாய். அப்புறம் வங்கியில் எண், மின்னஞ்சலின் மீட்பு எண், டிஜிலாக்கர், கேஸ் இணைப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கூட்டு வங்கிக் கணக்கை மூடும் முன் அதில் ஓடும் ஆட்டோ டெபிட்களைப் பாருங்கள், குழந்தையின் செல்வமகள் கணக்குத் தவணை அதில் போய்க்கொண்டிருக்கலாம்.

குடும்ப அட்டையில் பழைய அட்டையிலிருந்து பெயர் நீங்கினால்தான் புது அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும், ஆதார் எண் அங்கேயே மாட்டியிருக்கும். பொது விநியோகத் துறை தளத்திலோ இ-சேவை மையத்திலோ தீர்ப்பாணை நகலோடு உறுப்பினர் நீக்கத்துக்குப் போடுங்கள். அட்டை அவரிடம் இருக்கிறது, அவர் ஒத்துழைக்கவில்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலரிடம் நேரில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

10. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால்

இ.பி. போடவும் எம்.சி.யில் வாரண்ட் கேட்கவும் மறுபடி வக்கீல் கட்டணம் கொடுக்க முடியாமல்தான் பல பெண்கள் வர வேண்டிய பணத்தை விட்டுவிடுகிறார்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு, வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் உண்டு. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு பார்ப்பார்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழு இருக்கிறது. போன் எண் 15100. ஆதார் நகல், தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல், மேலே சொன்ன நான்கு கட்ட நிலுவைக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், இவற்றோடு காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்துக்குப் போனால் அங்கேயே மனு எழுதித் தருவார்கள், வக்கீலையும் அவர்களே நியமிப்பார்கள். நியமித்த உத்தரவில் வக்கீலின் பெயரும் போன் எண்ணும் இருக்கும், அந்தக் காகிதத்தை வாங்காமல் கிளம்பாதீர்கள்.